வேலி எப்படிக் கரண்ட் கொடுக்கும்? செல் சவ்வு பற்றி அண்ணன் மகளுக்கு ஒரு பதில்

காங்கேயத்தில் பிளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அத்தை, செல் சவ்வு வேலி மாதிரி, வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததைத் தடுக்கும்னு ஒரு பாடத்துல இருக்குது. மைட்டோகாண்ட்ரியா சக்தி உண்டாக்கும்னு இன்னொரு பாடம். அங்கேயும் சவ்வு சவ்வுன்னே வருது. வேலி போய் எப்படிங்க அத்தை கரண்ட் உண்டாக்கும்?"

இருபத்தைந்து வருஷம் உயிரியல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதை இவ்வளவு நேராக எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே சந்தேகம் உள்ள வேறு யாருக்காவது ஆகட்டும்.

கண்ணு, அவை இரண்டு பாடம் இல்லை, ஒரே பாடம். மேட்டில் தேங்கிய தண்ணீருக்குப் பள்ளத்தை நோக்கி ஓடும் வேகம் இருக்கிறது இல்லையா? அதுபோல ஒரு பொருளை இந்தப் பக்கம் அதிகமாகவும் அந்தப் பக்கம் குறைவாகவும் பிரித்து வைத்துவிட்டால், அந்த ஏற்றத்தாழ்வே சக்திதான். பிரித்து வைக்க நடுவில் ஏதாவது நிற்க வேண்டும். செல்லில் அப்படி நிற்பது சவ்வு.

வேலி என்று நீ சொன்னது நல்ல உவமை. நம் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறது. காற்று அதில் தாராளமாகப் போகும், ஓணான் போகும், கீரி போகும். மாடு போகாது, மாடு போக வேண்டுமானால் படலைத் திறக்க வேண்டும். செல் சவ்விலும் ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சின்ன மூலக்கூறுகள் யாரையும் கேட்காமல் நுழைந்துவிடும். சர்க்கரையும், சோடியம் பொட்டாசியம் போன்ற மின்னூட்டம் உள்ள அயனிகளும் அப்படி நுழைய முடியாது. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படல் உண்டு. அந்தப் படல்கள் எல்லாம் புரதங்கள்.

வேலி மட்டும் கொழுப்பு. பாஸ்போலிப்பிட் என்ற இந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு ஒட்டும், வால் இரண்டும் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அதனால் தண்ணீரில் விட்டவுடன் வால்கள் உள்பக்கமும் தலைகள் வெளிப்பக்கமுமாக இரண்டு வரிசையில் தாமே அடுக்கிக்கொள்ளும். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து எடுத்துத் தண்ணீர்மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அது அடைத்தது. இரட்டை அடுக்கு என்பது அப்படித்தான் தெரிய வந்தது. கனம் சுமார் 5 நானோமீட்டர். உன் நோட்டுத் தாள் ஒன்றின் கனத்துக்கு இப்படி 20,000 சவ்வை அடுக்கலாம். கெட்டியாக உறைந்த கொழுப்பும் இல்லை, எண்ணெய் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும், புரதங்கள் அதில் மிதக்கும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன இந்தச் சித்திரத்தைத்தான் உன் புத்தகம் வண்ணத்தில் அச்சடித்திருக்கிறது.

படத்தைப் பார்த்தால் நம்பிக்கை வராது. ஒரு பீட்ரூட் எடுத்துக்கொள். விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, பச்சைத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசு. கத்தி பட்டு உடைந்த செல்களின் சாயம் அதிலேயே போய்விடும். அப்புறம் மூன்று டம்ளர் வை. ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கை பொறுக்காத வெந்நீர், ஒன்றில் கைக்குப் போடுகிற சானிடைசர். ஆளுக்கொரு துண்டு போட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பார். முதல் டம்ளர் கிட்டத்தட்ட அப்படியே தெளிவாக இருக்கும், மற்ற இரண்டும் சிவந்திருக்கும். பீட்ரூட்டின் சாயம் செல்லுக்குள் ஒரு குமிழியில் அடைபட்டிருக்கிறது. குமிழிக்கு ஒரு சவ்வு, செல்லுக்கு ஒரு சவ்வு என்று இரண்டைத் தாண்டித்தான் அது வெளியே வர வேண்டும். சூடும் ஆல்கஹாலும் அந்தச் சவ்வுகளைக் குலைத்துவிடுகின்றன. பீட்ரூட்டை வேகவைக்கும்போது மட்டும் தண்ணீர் சிவப்பது ஏன் என்று உங்கம்மா என்றைக்காவது கேட்டால், இப்போது உனக்குப் பதில் தெரியும்.

தண்ணீர் நடமாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். உப்புக் கரைசல் எந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குவதும், ஈரமில்லாத மண்ணில் யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கருகுவதும் இதனால்தான். "உரம் சுட்டுருச்சு" என்பார் உங்கப்பா. உண்மையில் சூடே இல்லை; மண்ணில் உப்பு ஏறியதால் வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் போகிறது, இருப்பதையும் இழக்கிறது. இதைத் திருப்பிப் போட்டதுதான் திருப்பூரில் ஓடும் ஆர்ஓ மெஷின். நொய்யலில் கழிவுநீரே விடக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நீ அப்போது கைக்குழந்தை. இன்று சாயத் தண்ணீரைப் பெரிய மோட்டார் வைத்து அழுத்தி, செயற்கைச் சவ்வு வழியாகத் தள்ளி, உப்பை ஒரு பக்கம் நிறுத்தி நல்ல தண்ணீரை மறுபக்கம் எடுக்கிறார்கள். கரண்ட் பில் எங்கே போகிறது என்று பார்: பிரித்து வைப்பதற்குப் போகிறது. பிரித்து வைக்கச் செலவாகும் என்றால், பிரித்து வைத்ததிலிருந்து வரவும் எடுக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

தண்ணீருக்கும் செல்லில் தனிப் படல் உண்டு. அக்வாபோரின் என்று பெயர். 1992இல் பீட்டர் ஏக்ரே இது தண்ணீர் வழி என்று நிரூபித்தார், 2003இல் நோபல் கிடைத்தது. ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கில் தண்ணீர் மூலக்கூறுகளை வரிசையாக விடும் இது, ஒரு புரோட்டானைக்கூட, அதாவது ஹைட்ரஜன் அயனியைக்கூட, விடாது. தண்ணீரைவிடச் சின்னதை ஏன் தடுக்க வேண்டும்? புரோட்டான் கசிந்தால் கஜானா காலி. கொஞ்சம் பொறு, அங்கேதான் வருகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிற சமாசாரம். மேடேற்றுவதற்குப் பம்ப் வேண்டும். உன் நரம்புச் செல்லுக்கு வெளியே சோடியம், உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். பொட்டாசியம் நேர்மாறு, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப்போல் முப்பது மடங்குக்கு மேல். சும்மா விட்டால் இரண்டும் சமமாகிவிடும். ஆகவிடாமல் ஒரு புரதம் இரவு பகலாக இறைக்கிறது. செல்லின் சக்திக் காசான ஏடிபி என்ற மூலக்கூறில் ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கில் ஸ்கோ என்பவர் 1957இல் நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டார். நோபல் வர 40 வருஷம் ஆனது. நீ சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது. நம் தோட்டத்து மோட்டாரே தேவலை, அதற்காவது கரண்ட் போகிற நேரம் ஓய்வு.

இத்தனை செலவு செய்து இறைத்து வைத்த சோடியம் வீணாகக் கிடக்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் கலக்கிக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார். 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம் என்று போட்டிருக்கும். குளுக்கோஸ் தெம்புக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்காக இல்லை. சிறுகுடல் செல்லில் ஒரு படல் இருக்கிறது. அது 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். செல்லுக்குள் சோடியம் குறைவு என்பதால் சோடியம் உள்ளே ஓடத் துடிக்கும்; அந்த வேகத்தில் குளுக்கோஸையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் உள்ளே போனதும் பின்னாலேயே தண்ணீர் போகும். காலரா வந்த குடலிலும் இந்தப் படல் கெடுவதில்லை. ராபர்ட் கிரேன் 1960இல் இந்த ஜோடிக் கணக்கைச் சொன்னார். 1971இல் வங்காள அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துக் காப்பாற்றினார். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் மாங்காய் கதைதான், தண்ணீர் குடலுக்குள் திரும்பி வரும். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. ஓஆர்எஸுக்குப் பதில் ஆகாது. பொள்ளாச்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

சரி, கரண்டுக்கு வருகிறேன். ஆழியாறு தாண்டி மலைமேல் காடம்பாறை நீர்மின் நிலையம் இருக்கிறது. பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் கட்டியது, 4 மெஷின், மொத்தம் 400 மெகாவாட். சாதாரண அணைபோல மழையை மட்டும் நம்பியது இல்லை. தேவை குறைந்து கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள, 'மேல் ஆழியாறு' என்று பெயர் கொண்ட அணையிலிருந்து தண்ணீரை மேலே உள்ள அணைக்கு ஏற்றுவார்கள். தேவை ஏறும்போது அதே தண்ணீரை அதே மெஷின் வழியாகக் கீழே விட்டுக் கரண்ட் எடுப்பார்கள். ஒரே மெஷின், ஒரு பக்கம் சுற்றினால் பம்ப், மறுபக்கம் சுற்றினால் டர்பைன்.

மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு ஒரு குட்டிக் காடம்பாறை. இங்கே தண்ணீருக்குப் பதில் புரோட்டான். நீ சாப்பிட்ட களியும் சோறும் உடைந்து, அதிலிருந்து உருவிய எலக்ட்ரான்கள் உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழியாகக் கை மாறிக் கை மாறிப் போகின்றன. கை மாறும்போது விடுபடும் சக்தியில் மூன்று இடங்களில் பம்ப் ஓடி, புரோட்டான்களை உள்ளிருந்து வெளிப்பக்கம் தள்ளும். கடைசியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் ஆக்ஸிஜன். வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். நீ மூச்சு விடுவது இந்தக் கடைசிக் கைமாற்றத்துக்காகத்தான்.

தள்ளிய புரோட்டான்கள் திரும்ப வரத் துடிக்கும். கொழுப்பு விடாது. சவ்வின் இரு பக்கமும் 150 மில்லிவோல்ட் அளவுக்கு வித்தியாசம் வரும். சின்னதாகத் தெரிகிறதா? அது வெறும் 5 நானோமீட்டருக்குள் நிற்கிறது. மீட்டருக்கு மாற்றினால் 3 கோடி வோல்ட். காற்றில் பொறி பறக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அந்த அழுத்தத்தில் புரோட்டானுக்குத் திறந்திருக்கும் முக்கியமான வழி ஒரு சக்கரம். ஏடிபி சிந்தேஸ் என்று பெயர். புரோட்டான் நுழைந்து நுழைந்து அதைச் சுற்ற, ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி வந்து விழும். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல்கூடச் சுற்றும். நிஜமாகவே சுற்றுகிறது கண்ணு, உவமை இல்லை. 1997இல் ஜப்பானில் இந்தப் புரதத்தின் நடு அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, ஏடிபி கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் அது காற்றாடிபோல் சுற்றுவதைப் பார்த்தார்கள். ஏடிபி கொடுத்தால் திரும்பிச் சுற்றும், புரோட்டான் கொடுத்தால் ஏடிபி தரும். காடம்பாறை மெஷின் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு நாளில் உன் உடம்பு செய்து செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால் உன் எடைக்குப் பக்கமாக வரும். எந்த நேரத்திலும் கையிருப்பு சில பத்து கிராம்தான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கட்டுத்தரையில் பார்த்திருக்கிறேன், அப்போது புரியவில்லை. எனக்குப் பத்து வயது. மழை பொய்த்த வருஷம். அப்புச்சி தோட்டத்தில் அறுத்த சோளம் மறுதாம்பு விட்டு முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. கயிற்றை அறுத்துக்கொண்டு போன மயிலை மாடு அதில் பத்து வாய் மேய்ந்திருக்கும். அரைமணியில் தள்ளாடிக் கீழே விழுந்தது. வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டது. கால்நடை மருத்துவர் சைக்கிளில் வருவதற்குள் போய்விட்டது. கூடவே மேய்ந்த இன்னொரு மாட்டுக்கு நரம்பில் ஊசி போட்டார், அது எழுந்து நின்றது. அம்முச்சி அழுததைவிட எனக்கு மனதில் நின்றது, மாட்டின் வாய்க்குள் ஈறு பளீரென்று சிவந்திருந்ததுதான். மூச்சு முட்டிச் செத்தால் நீலம் பாய வேண்டாமா?

வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் அதிகம். மாடு மென்றதும், வயிற்றில் ஊறியதும் சயனைடு வெளியாகும். அது எலக்ட்ரான் சங்கிலியின் கடைசிப் புரதத்தில் உட்கார்ந்து, ஆக்ஸிஜனுக்குக் கை மாற்றும் இடத்தை அடைத்துவிடும். கடைசி ஆள் நின்றால் வரிசை முழுவதும் நிற்கும். பம்ப் நின்றது, புரோட்டான் அணை வற்றியது, சக்கரம் நின்றது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைய இருந்தும் வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் ரத்தம் சிவந்தே இருந்தது. அந்த மாடு காற்றில்லாமல் சாகவில்லை, சவ்வு வேலை செய்யாமல் செத்தது. இதற்குப் போடுவது சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசி. முதலாவது சயனைடைப் புரதத்திலிருந்து ரத்தத்துக்கு இழுக்கும், இரண்டாவது அதைச் சிறுநீரில் போகிற பொருளாக மாற்றும். குச்சிக்கிழங்குத் தழையிலும் இதே வில்லங்கம் உண்டு, ஆடு கட்டும் இடத்தைப் பார்த்துக் கட்டச் சொல்.

பம்ப் நிற்காமல் வேலி ஓட்டையானால் என்ன ஆகும்? அதற்கும் நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. பனியனுக்குப் போடும் சல்பர் பிளாக் என்ற கறுப்புச் சாயம் டைநைட்ரோஃபீனால் என்ற பொருளிலிருந்து தயாராவது. இந்த டைநைட்ரோஃபீனால் புரோட்டானைச் சுமந்துகொண்டு கொழுப்பு வழியாகவே உள்ளே கொண்டுவந்து விடும், சக்கரத்தைத் தொடாமல். மதகு வழியாக வர வேண்டிய தண்ணீர் கரை உடைத்து வருகிற மாதிரி. சாப்பாடு எரியும், ஏடிபி வராது, எல்லாம் சூடாகும். 1930களில் அமெரிக்காவில் இதை எடை குறைக்கும் மாத்திரையாகவே விற்றார்கள். எடை குறைந்தது, கூடவே காய்ச்சல் ஏறி ஆட்கள் செத்தார்கள், 1938இல் நிறுத்தினார்கள். இணையத்தில் இன்றும் யாராவது இதை விற்க வந்தால் அந்தப் பக்கமே போகாதே.

இந்த அணைக் கதையை முதலில் சொன்னவர் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், 1961இல். அப்போது எல்லோரும் சக்தியைச் சுமந்து போகும் ஏதோ ஒரு இடைப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது, சவ்வின் இரு பக்க வித்தியாசம்தான் அது என்றார் இவர். பல வருஷம் யாரும் ஏற்கவில்லை. உடம்பு சரியில்லாமல் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுது பார்த்துச் சின்ன ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை 1966இல் ஜாகென்டார்ஃப் என்ற விஞ்ஞானி செய்தது. பாலக்கீரையில் வெளிச்சத்தை வைத்து ஏடிபி செய்யும் பசுங்கணிகத்தின் சவ்வுகளைப் புளிப்பான கரைசலில் ஊறவைத்தார். உள்ளே புரோட்டான் நிறைந்தது. அப்புறம் சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார். கும்மிருட்டில், ஒரு துளி வெளிச்சம் இல்லாமல், ஏடிபி வந்தது. வெளிச்சமும் இல்லை, எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை. இரு பக்க வித்தியாசம் ஒன்றே போதுமாக இருந்தது. 1978இல் மிட்செல் தனியாளாக நோபல் வாங்கினார்.

கடைசியாக நீ கேட்ட இன்னொன்று: ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 30ஆ? தேர்வில் உன் புத்தகத்தில் அச்சாகியிருப்பதை எழுது, மார்க் முக்கியம். விஷயம் இதுதான். பழைய கணக்கில், உணவிலிருந்து எலக்ட்ரானைச் சுமந்து வரும் என்ஏடிஎச் ஒன்றுக்கு 3 ஏடிபி என்று முழு எண்ணாகப் போட்டார்கள். இப்போது எண்ணிப் பார்த்தால் ஒரு என்ஏடிஎச்சுக்கு 10 புரோட்டான் ஏறுகிறது. மாட்டிலும் நம்மிலும் சக்கரத்துக்கு 8 பல். ஒரு சுற்றுக்கு 8 புரோட்டான், 3 ஏடிபி, அதாவது ஒரு ஏடிபிக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் செய்த ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே அனுப்பி, காலியான ஏடிபியையும் பாஸ்பேட்டையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அவற்றுக்கும் சவ்வில் தனிப் படல் உண்டு, அதற்கு இன்னொரு புரோட்டான் செலவாகும். ஆக ஒன்றுக்கு ஏறக்குறைய 4, பத்துக்கு 2.5. மொத்தம் 30, 32 என்று குறைவது இதனால்தான். மீதியை, உங்கப்பா மஞ்சளை ஈரோட்டு மண்டிக்குக் கொண்டுபோகும்போது பிடித்துக்கொள்வார்களே, அந்த வண்டி வாடகை என்று வைத்துக்கொள்.